தேக்கா சுவரில் ஓர் அரசங்கன்று

1961ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம், சிங்கப்பூர்த் துறைமுகம். பலத்த காற்று, சாய்ந்த மழை. என் கைக்கடிகாரத்தில் நான்கு பத்துதான் ஆகியிருந்தது. ஊர் நேரத்தை மாற்ற மனம் வராமல் கப்பலில் வந்த அத்தனை நாளும் அப்படியே வைத்திருந்தேன். சுமத்திராப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரும் காற்று, அரை மணியில் ஓய்ந்துவிடும் என்று பக்கத்தில் நின்ற பினாங்குக்காரர் சொன்னார். நாற்பத்திரண்டு நிமிடம் ஆயிற்று.

பெட்டி மூன்று, கூடை ஒன்று, குடை ஒன்று. கூடையில் என் தங்கை கமலம் கேட்டிருந்த கறிவேப்பிலைக் கன்று, ஊர் மண்ணோடு. சுங்கத்தில் ஓர் இளம் அதிகாரி அதைக் கண்டதும், வெளிநாட்டு மண்ணும் செடியும் உள்ளே வரக்கூடாது என்று எடுத்து வைத்துவிட்டார். மரியாதையாகத்தான் எடுத்தார். ஆனாலும் எட்டு நாள் என் குடிதண்ணீரில் பங்கு கொடுத்து வளர்த்த கன்று.

வெளியே வந்து செருப்பைத் தட்டியபோது இடது செருப்பின் அடியில் இரண்டு நெருஞ்சி முட்கள் குத்தியிருந்தன. எங்கள் மாயவரத்துத் தெரு நெருஞ்சி. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் நடத்தியவன் நான். காற்றால் பரவும் விதை, நீரால் பரவும் விதை, வெடித்துப் பரவும் விதை, ஒட்டிக்கொண்டு பரவும் விதை, தின்னப்பட்டுப் பரவும் விதை என்று கரும்பலகையில் வருடந்தோறும் எழுதியிருக்கிறேன். அனுமதி கேட்ட கன்று வெளியே நின்றது. கேட்காத நெருஞ்சி உள்ளே வந்துவிட்டது. அதிகாரியிடம் திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். மழையில் பெட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. முட்களைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

தங்கை வீட்டுக்காரர் ராமையா வண்டியோடு வந்திருந்தார். தேக்கா சந்தையிலிருந்து இருநூற்றுப் பத்து அடி தள்ளி ஒரு சந்தில் அவருக்கு மாவு மில். கீழே இயந்திரம், மேலே குடித்தனம். மிளகாய், மல்லி, மஞ்சள், அரிசி எல்லாம் அரைத்துக் கொடுக்கிறார். அந்தச் சந்துக்குள் நுழைந்ததும் நான் ஒன்பது முறை தும்மினேன்.

"மச்சான், மூணாவது நாளு பழகிடும். எங்களுக்கெல்லாம் இப்ப ஊருக்குப் போனாத்தான் தும்மல் வருது" என்றார்.

நான் இவ்வளவு தூரம் வந்த காரணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டின் பின்சுவரில், மேல்மாடி ஜன்னலுக்கு வலப்புறம், செங்கல் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. வேர் இறங்கிச் சுவர் பிளந்திருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் பிளவிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. கட்டடம் பார்க்கும் அதிகாரி வந்து அளந்துவிட்டு, செப்டம்பர் ஆறாம் தேதிக்குள் மரத்தை எடுத்துச் சுவரைச் சரிசெய்யாவிட்டால் மில்லுக்கு மின்சாரம் நிற்கும், வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டார். நான் இறங்கிய அன்று மீதம் பதினொரு நாள்.

வெட்டிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். கமலத்தின் மகள் சரோஜாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம். இரண்டு முறை வயிற்றில் நின்று நிலைக்காமல் போயிற்று. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தபோதுதான் ஜன்னல் வழியே அந்தக் கன்றை முதலில் பார்த்தாளாம். அப்போது அதற்கு இரண்டே இலை. அன்று முதல் தண்ணீர் ஊற்றினாள். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். "நீங்க படிச்சவங்க. சயின்ஸ் எடுத்துச் சொன்னா கேப்பா" என்று ராமையா எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் நான் கப்பல் ஏறினேன்.

மறுநாள் காலை ஆறேமுக்காலுக்கு அதைப் பார்த்தேன். அரசமரத்தைச் சுற்ற வேண்டும். சுவரில் நிற்கும் மரத்தை எப்படிச் சுற்றுவது? சரோஜா ஜன்னலுக்கு நேராக நின்று, கைகூப்பி, தன்னைத் தானே ஒன்பது முறை சுற்றினாள், நின்று இன்னொன்றும் சுற்றினாள். பிறகு கம்பி வழியே கையை நீட்டிக் குங்குமம் வைத்தாள். கன்றின் தண்டில் மஞ்சள் நூல்கள் கட்டியிருந்தன. எண்ணினேன்: பதினேழு. இலைகள் இருபத்தேழு. எனக்கு அவள் தலைசுற்றி விழுந்துவிடுவாளோ என்ற கவலையில் காப்பி இறங்கவில்லை.

"சரோஜா, கடைசியில் ஒன்று கூடிவிட்டது. பத்து சுற்றினாய்" என்றேன்.

"ஒண்ணு உங்களுக்காக மாமா. கப்பல்ல வாந்தி எடுத்தீங்கன்னு அம்மா சொல்லிச்சு."

அன்று மத்தியானம் என் பாடத்தை ஆரம்பித்தேன். அரசம்பழத்தைப் பறவை தின்கிறது. விதை சிறியது, செரிப்பதில்லை. எச்சத்தோடு எங்கே விழுகிறதோ அங்கே முளைக்கிறது. சுவரென்றும் கூரையென்றும் அதற்குத் தெரியாது. ஊரில் ஒருமுறை ஒரே பழத்தைப் பிளந்து நூற்று முப்பத்தெட்டு விதை வரை எண்ணியிருக்கிறேன். ஆகவே இதில் தெய்வச் செயல் ஒன்றுமில்லை, ஒரு மைனாவின் காலைக் கடன்தான் என்று முடித்தேன்.

அவள் தட்டிலிருந்த ரம்புத்தான் பழத்தை உரித்துக்கொண்டே கேட்டாள். "ஒரு பழத்துல நூத்து முப்பத்தெட்டு. ஒரு மரத்துல எத்தனை பழம் மாமா?"

"ஆயிரக்கணக்கில்."

"அத்தனையில ஒண்ணு, இத்தனை ஊரு தாண்டி, இத்தனை ஜன்னல் தாண்டி, நான் படுத்துக் கெடந்த ஜன்னலுக்கு வந்திருக்கு. அது ஒண்ணுமில்லையா?"

நானும் ஒரு பழத்தை எடுத்து உரித்தேன். நான் அன்று பதினான்கு ரம்புத்தான் தின்றேன். பதினான்கு கொட்டையையும் வெளியே எறிய மனமில்லாமல் தட்டிலேயே வைத்திருந்தேன்; மறுநாள் வயிறும் சரியாக இல்லை.

அடுத்த இரண்டு நாள் ஊரைப் பார்க்க நடந்தேன். சிராங்கூன் சாலையில் என் நடையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டாயிரத்து நானூறு அடிக்கு மேல் எண்ண முடியவில்லை. யாராவது தமிழில் பேச்சுக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த ஜில்லா, எந்தத் தாலுகா, எந்தத் தெரு என்று மூன்று கேள்விக்குள் சொந்தம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தேக்கா சந்தையில் வாழைப்பூவுக்கு அருகில் ஆமையும், முருங்கைக்காய்க்கு அருகில் நண்டும் இருந்தன. கோப்பியைப் பால் டப்பாவில் ஊற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கொடுக்கிறார்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது வேட்டியில் எட்டு இடத்தில் சொட்டியது. இதே நம்மூராயிருந்தால் பித்தளை டம்ளரில் சூடாக, உட்கார்ந்து குடித்திருக்கலாம். ஆனால் கோப்பி நன்றாகத்தான் இருந்தது.

சாலையோர மரங்களிலிருந்து நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய இறக்கையுமாக வட்ட வட்டமான காய்கள் சுழன்று விழுந்தன. ஒன்றை எடுத்து மூன்று முறை மேலே எறிந்து பார்த்தேன். மூன்றாவது முறை அது ஒரு சீனக் கிழவரின் தொப்பியில் இறங்கியது. அவர் அதை எடுத்து, தாமும் ஒரு முறை எறிந்து பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

மாதக் கடைசிக்குள் கொத்தனாரை வரச் சொல்லியிருந்தார் ராமையா. லிம் என்று பெயர், ஐம்பது வயதுச் சீனர், மலாய் பேசுவார். பக்கத்துக் கடை காதர் பாய் மொழிபெயர்ப்புக்கு வந்தார். பாய்க்கு நாகூர், இங்கே முப்பது வருடமாக மளிகைக் கடை. லிம் ஏணியில் ஏறினார். மேலே போனதும் நூலையும் குங்குமத்தையும் பார்த்தார். ஏறியதைவிட வேகமாக இறங்கினார். ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு பாய்?" என்றார் ராமையா.

"இதுல ஆள் குடியிருக்காம். இவரு கை வச்சா இவரு வீட்டுல படுத்துக்குவாங்களாம்."

"சீனனுக்கு எங்க சாமி என்ன செய்யும்?"

"சாமிக்கு அந்தக் கணக்கு தெரியுமான்னு கேக்குறாரு."

நான் குறுக்கிட்டேன். "பாய், நீங்கள் முஸ்லிம். உங்களுக்கு இதில் தடை ஒன்றுமில்லையே?"

காதர் பாய் சிரித்தார். "தடை இல்ல வாத்தியார் ஐயா. அருவா என் கடையிலயே இருக்கு, ஒரே வெட்டு. ஆனா நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட சரோஜா என்னப் பாக்குற பார்வை மாறிடும். இந்தச் சந்துல தும்மாம எந்தப் புள்ளை வளரும்? முப்பது வருஷமா எனக்கும் இவருக்கும் ஒரே சுவரு. சுவரு போனா கட்டிக்கலாம்லா."

ஏணியை அங்கேயே விட்டுவிட்டு லிம் போனார். மீதம் ஏழு நாள்.

வியாழக்கிழமை காலை கமலமும் சரோஜாவும் டாக்டரிடம் போனார்கள். ராமையா கடைக்குக் கோதுமை வாங்கப் போயிருந்தார். விஞ்ஞானம் படித்தவன் நான் ஒருவன்தான் மிச்சம். சமையலறைக் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். எனக்கு அறுபத்துமூன்று வயது. ஏணிக்குப் பதினெட்டுப் படி. பதினொன்றாம் படியில் நின்று மூச்சு வாங்கினேன். பதினெட்டாம் படியில் கன்று என் முகத்துக்கு நேராக நின்றது. காற்று இல்லை. ஆனாலும் அந்த நுனி நீண்ட இலைகள் ஆடிக்கொண்டிருந்தன; அரசுக்கு அது வழக்கம், காம்பு நீளம்.

இதை நான் இதுவரை யாருக்கும் எழுதியதில்லை. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முன், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆற்றங்கரை அரசமரத்தை நானும் என் மனைவி மீனாட்சியும் சுற்றியிருக்கிறோம். நாளுக்கு ஒன்பது சுற்று, நாற்பத்தெட்டு நாள். நானூற்று முப்பத்திரண்டு. எண்ணிக்கையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வேண்டிக்கொள் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். எண்ணிக்கையில் தவறு இல்லை. பத்து மணிக்கு வகுப்பில் போய் மகரந்தச் சேர்க்கை நடத்துவேன். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை.

ஆகவே அரசமரம் ஒன்றும் செய்யாது என்பது எனக்குப் புத்தகத்தால் மட்டும் தெரிந்ததல்ல. அப்படியிருந்தும் கத்தியை இடுப்பிலிருந்து எடுக்க முடியவில்லை. நான்கு நிமிடம் நின்றேன். பிறகு படி படியாக இறங்கினேன்.

கீழே காதர் பாய் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"என்ன ஐயா, கத்தி மொட்டையா?"

"ஆமாம்" என்றேன்.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான், எல்லாக் கத்தியும் மொட்டை" என்று சொல்லிக்கொண்டே ஏணியைத் தூக்கி ஓரமாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு வேலை இருந்தது. எங்கள் தெருக்காரர் கலியபெருமாள் ஜூரோங்கில் ஒரு செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருக்கிறார். அவருடைய அக்கா வடகப் பொட்டலம் ஒன்று கொடுத்தனுப்பியிருந்தாள். ராமையா கூட வருகிறேன் என்றார். மில்லை விட்டு வர வேண்டாம், வழி மட்டும் சொல்லுங்கள் என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து பத்தொன்பதாவது இடத்தில் இறங்க வேண்டும் என்றார். எண்ணுவதில் எனக்கு என்ன கஷ்டம்?

விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனேன். பத்தொன்பது வந்தது, இறங்கினேன். பஸ் போய்விட்டது. சூளையும் இல்லை, புகையும் இல்லை. கிளமெண்டி சாலை என்று பலகை இருந்தது. சுற்றிலும் கீரைப் பாத்தி, பன்றிக் கொட்டில் வாடை. அப்புறம்தான் விளங்கியது: விளக்குக்காகப் பஸ் நின்ற இடங்களையும் நிறுத்தம் என்று சேர்த்து எண்ணியிருக்கிறேன். ஊரில் பஸ் நின்றால் யாரோ இறங்குகிறார்கள் என்று அர்த்தம். இங்கே சிவப்பு விளக்குக்கும் நிற்கிறது.

வெயில், வடகப் பொட்டலம், மொழி தெரியாத இடம். எனக்கு வியர்த்துவிட்டது. கீரைக் கூடையோடு ஒரு சீன அம்மாள் வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஜூரோங்" என்றேன். அது ஒன்றுதான் எங்கள் இருவருக்கும் பொதுவான சொல். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ரோட்டைக் கடக்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல. இருபத்தைந்து நிமிடம் விடவே இல்லை. அடுத்த பஸ் வந்ததும் கண்டக்டரிடம் என்னைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னாள். பஸ் முழுவதும் சிரித்தது. என்ன சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்டக்டர் என்னை முன்னால் உட்கார வைத்து, சரியான இடத்தில் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்.

ஜூரோங் அப்போது ரப்பர் மரமும் சதுப்பும் செம்மண் மேடுமாக இருந்தது. மேட்டையெல்லாம் வெட்டிச் சதுப்பை நிரப்பித் தொழிற்சாலை கட்டப்போகிறார்கள் என்று பேச்சு. ரப்பர் காய் வெடிக்கும் பருவம். தலைக்கு மேலே பட்டென்று சத்தம் கேட்டதும் நான் குனிந்துவிட்டேன். புள்ளி போட்ட கொட்டை ஒன்று இருபது அடி தள்ளிப் போய் விழுந்தது. வெடித்துப் பரவும் விதை என்று முப்பத்தொரு வருடம் எழுதினேனே தவிர, ஒன்று என் காதருகே வெடித்து அன்றுதான் கேட்டேன்.

கலியபெருமாள் வடகத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் முகர்ந்தார். பிறகு சூளையைச் சுற்றிக் காட்டினார். தொழிலாளர் வீடுகளுக்கு முன்னால் வெட்டவெளியில் முனீஸ்வரனுக்கு ஒரு சூலம் நட்டிருந்தார்கள்.

"பாருங்க அண்ணே, எங்க முனியாண்டிக்கு மட்டும் நெழலு இல்ல. நாங்களாச்சும் வெயிலுக்குப் பயந்து ஓடிடுவோம். அவரு எங்க போவாரு?" என்றார்.

திரும்பி வந்தபோது என் வேட்டி விளிம்பு முழுக்க ஒட்டுப்புல் விதை. சாப்பாட்டு நேரத்தில் அன்றைய அவதியை முழுவதும் சொன்னேன். புகாராகத்தான் சொன்னேன். ராமையா சரியாகச் சொல்லியிருக்க வேண்டாமா, விளக்கும் நிறுத்தமும் ஒன்றா என்று கேட்டேன். கமலத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சரோஜாவும் சிரித்தாள். பிறகு சாதத்தைப் பிசைவதை நிறுத்தினாள்.

"மாமா, அந்த அம்மா உங்கள அங்கேயே விட்டுட்டுப் போயிருந்தா?"

"என்ன ஆகியிருக்கும்? இருட்டும்வரை நின்றிருப்பேன்."

"உங்கள ஏன்டா இங்க வந்து நிக்கிறேன்னு அடிச்சு வெரட்டியிருந்தா?"

"ஏன் அடிக்க வேண்டும்? தவறான இடத்தில் இறங்கிவிட்டேன், அவ்வளவுதானே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இதுவும் அப்படித்தான் போல. தப்பான ஸ்டாப்புல எறங்கிடுச்சு. நான்தான் இதான் உன் எடம்னு தண்ணி ஊத்திப் புடிச்சு வச்சுட்டேன்."

 ராமையா கையில் எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்திருந்தார்.

"வெட்ட வேணாம். புடிச்சு வேற பஸ்ல ஏத்துவோம். உயிரோட எடுக்க முடியுமா மாமா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க."

எண்ணிக்கையில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "பத்துக்கு ஆறு பிழைக்கும்" என்றேன்.

"மீதி நாலு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் வயித்துல உள்ளதுக்கும் டாக்டர் நேத்து இப்படித்தான் கணக்கு சொன்னாரு. செய்ங்க மாமா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லிம் மறுபடி வந்தார். மரத்தை வெட்ட வேண்டாம், மரத்தை விட்டுவிட்டுச் சுவரை மட்டும் எடுக்க முடியுமா என்று பாய் மூலமாகக் கேட்டேன். லிம் ஒரு சிகரெட் முடியும்வரை சுவரையே பார்த்தார்.

"என்ன பாய்?"

"செங்கல்லுல யாரும் குடியில்லைங்கறாரு."

கடற்படைத் தளத்தில் வேலை பார்க்கும் சரோஜாவின் கணவர் லீவில் வந்திருந்தார், அதிகம் பேசாதவர். அவர் கன்றைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொள்ள, லிம் சின்ன உளியால் ஒவ்வொரு கல்லாகக் கழற்றினார். வேர் தெரியத் தெரிய நான் ஈரச் சாக்கு வைத்தேன். காலை எட்டுக்கு ஆரம்பித்து மத்தியானம் இரண்டே கால் ஆயிற்று. கழற்றிய கல் அறுபத்தொன்று. அறுபத்திரண்டாவது கல் வரவில்லை. வேர் அதை நாலு பக்கமும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. இழுத்தால் வேர் அறும். லிம் கையை உயர்த்தி, அந்தக் கல் மரத்துக்கே இருக்கட்டும் என்று ஜாடை காட்டினார். கல்லோடு கன்றை மண்ணெண்ணெய் டின்னில் இறக்கினோம். வேர்நுனியிலிருந்து உச்சிவரை மூன்றடி ஐந்தங்குலம்.

முதலில் கோயிலுக்குத்தான் எடுத்துப் போனோம். குருக்கள் எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் ஆட்டினார். "இங்க வேண்டாம் ஓய். பின்னால வந்து பாரும்." பின்னால் சுவரோரமாகப் பதினாறு தொட்டி; பதினாறிலும் அரசும் ஆலும். "எல்லார் வீட்டுச் சாக்கடையிலயும் மொளைக்கறது. வெட்டப் பயந்துண்டு எல்லாரும் என் தலையில கொண்டுவந்து வெக்கறா. நான் எங்க போவேன்?" ஒருவரும் வெட்டாததால் இந்த ஊரில் எத்தனை அரசங்கன்று தொட்டியில் இருக்கும் என்று அன்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்துக் கைவிட்டேன்.

முனியாண்டியின் சூலம் நினைவுக்கு வந்தது.

திங்கட்கிழமை காலை நானும் ராமையாவும் டின்னோடு பஸ் ஏறினோம். சரோஜா வாசல்வரை வந்து, பதினேழு நூலில் ஒன்றை மட்டும் அவிழ்த்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.  ஜன்னலோர இருக்கையில் டின்னை வைத்து, நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்டக்டர் தமிழர், நடுவயது, வெற்றிலை வாய்.

"பெரியவரே, இது யாரு? ஜன்னல் சீட்டுல உக்காந்து வேடிக்கை பாக்குது?"

"அரசங்கன்று. ஜூரோங் போகிறது."

"சீட்டு புடிச்சிருக்குல்ல, டிக்கெட் எடுக்கணும்லா. வயசு என்ன?"

வேடிக்கைக்குத்தான் கேட்டார். ஆனால் வயது கேட்டால் சரியாகச் சொல்லித்தானே ஆக வேண்டும்? சரோஜா முதலில் பார்த்த நாளிலிருந்து கணக்குப் போட்டேன். "நாலு" என்றேன்.

"மூணு வரைக்கும் சும்மா. நாலுன்னா அரை டிக்கெட்."

ராமையா பையில் கை விட்டார். "மாப்பிள்ளே, இதை நான் கொடுக்கிறேன்" என்றேன். என் குரல் சற்று உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. அவர் கையை எடுத்துவிட்டார். கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்து டின்னின் விளிம்பில் செருகினார். இந்தத் தடவை நான் நிறுத்தங்களை எண்ணவில்லை. டின்னைப் பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்தது.

சூலத்துக்கு வடக்கே ஆறடி தள்ளிக் குழி வெட்டி, கல்லோடு நட்டோம். டின் விளிம்பிலிருந்த டிக்கெட்டை எடுத்து நாட்குறிப்பில் வைத்துக்கொண்டேன். அடுத்த இரண்டு நாளில் லிம் சுவரைக் கட்டி முடித்தார். ஆறாம் தேதி அதிகாரி வந்தார், விரல் கணுவால் சுவரை மூன்று முறை தட்டினார், கையெழுத்துப் போட்டார். அன்று மாலை இயந்திரம் முழு வேகத்தில் ஓடியது. நான் பதினோரு முறை தும்மினேன்.

ஆனால் கன்று? பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். இருபத்தேழு இலையில் ஒன்றுகூட இல்லை. வெறும் குச்சி, பதினாறு நூல். வீட்டுக்கு வந்ததும் சரோஜா கேட்டாள்: "எத்தனை மாமா?"

"ஒன்றும் இல்லை. அரசு இலை உதிர்க்கும் மரம்தான். குச்சியை நகத்தால் கீறினேன், உள்ளே பச்சையாக இருக்கிறது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது."

"பொய் சொல்லலையே, அது போதும்" என்றாள். மறுநாள் காலை ஜன்னலில் நின்று, புதுச்சுவருக்கு நேராக, ஒன்பது முறை சுற்றினாள். மேற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். நான் புறப்படும்வரை அதில் ஒரு நாளும் தவறவில்லை.

அக்டோபர் நடுவில் மாயவரம் வந்து சேர்ந்தேன். மீனாட்சி துவைக்க வேட்டியை எடுத்தவள், விளிம்பைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்னங்க இது, ஊசி ஊசியா? சிங்கப்பூர் சாமான்னு இதைத்தான் வாங்கிட்டு வந்தீங்களா?"

ஒட்டுப்புல் விதை. இருபத்துமூன்று இருந்தது. இங்கேயும் எந்த அதிகாரியும் பார்க்கவில்லை. அடுப்பில் போடச் சொன்னேன். நெருஞ்சி முள் மடித்த காகிதமும் பையிலேயே திரும்பி வந்திருந்தது.

நவம்பர் கடைசியில் ராமையாவின் கடிதம் வந்தது. பெண் குழந்தை, ஆறு பவுண்டு, தாயும் சேயும் நலம். பிறந்த அன்றே மூன்று முறை தும்மியதாம். காதர் பாய் கடை வாசலில் நின்று, "நான் எதையும் வெட்டல, நீங்கல்லாம் சாட்சி" என்று சத்தம் போட்டாராம். கலியபெருமாள் சூளையிலிருந்து நேரில் வந்து சொன்னது: செம்பு நிறத்தில் பதினோரு புது இலை. பாய் கடைக் கூரைத் தகரத்தில் இன்னொன்று முளைத்திருக்கிறது, இரண்டு இலை. இந்த முறை ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடலாம் என்று லிம் சொல்கிறார்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மரம் எவ்வளவு உயரம் இருக்கும் என்று மீனாட்சி கேட்டாள். கையால் காட்டினேன். பிறகு நாட்குறிப்பிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள்.

"அரை டிக்கெட்டா? யாருக்கு எடுத்தீங்க?"

சொன்னேன். வயது நாலு என்று சொன்னதையும், ஏணியில் ஏறியதையும், கத்தியையும் சொன்னேன். அவள் டிக்கெட்டை இரண்டாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி அதே மடிப்பில் மடித்தாள். "ஜன்னல் பக்கமாவா உக்கார வச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாம், ஜன்னல் பக்கம்தான்" என்றேன்.

சுவருக்கும் கொத்தனாருக்கும் ராமையா என்னைக் காசு கொடுக்க விடவில்லை. கப்பல் செலவுக்கும் அவரே பணம் அனுப்பியிருந்தார். ஆகவே இந்தக் காரியத்தில் எனக்கு ஆன செலவு, என் ஆயுளில் நான் வாங்கிய ஒரே அரை டிக்கெட்: இருபது காசு.